ஈசியு பாக்ஸைப் பழுது பார்த்தும் கார் மின்கோளாறு தீரவில்லையா? இன்னொரு பாக்ஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பட்டறையிலிருந்து கார் வீட்டுக்கு வருகிறது. ஈசியு பாக்ஸைக் கழற்றி, பழுது பார்த்து, திரும்பப் பொருத்தியாயிற்று. பணமும் கட்டியாயிற்று. மூன்றாம் நாள் 'செக் எஞ்சின்' விளக்கு மீண்டும் எரிகிறது. அல்லது மழை பெய்த மறுநாள் பவர் விண்டோ இறங்க மறுக்கிறது. மீட்டர் முள் தானாக ஆடுகிறது. சிக்னல் போட்டால் டேஷ்போர்டு மங்குகிறது. திரும்பப் பட்டறைக்குப் போனால், "பாக்ஸ் போச்சு, வேறு பாக்ஸ்தான் போட வேண்டும்" என்ற பதில் வருகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு இந்தக் கதை புதிதல்ல. மாதச் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடக்கூடிய செலவு இது. வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அந்த ஒரு காரையே நம்பியிருக்கும் குடும்பத்திற்கு, இரண்டாவது பாக்ஸும் பலன் தராமல் போனால் கையில் எதுவும் மிஞ்சாது. அந்த இரண்டாவது பாக்ஸுக்குப் பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும், பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதற்குத் தமிழில் 'கட்டுப்பாட்டுத் தொகுதி' என்று சொல்லலாம். ஆனால் காப்பாரிலோ மேருவிலோ எந்த ஒயர்மேனிடமும் போய் அப்படிக் கேட்டால் அவர் நம்மைத்தான் சோதித்துப் பார்ப்பார். பட்டறையில் அது 'ஈசியு', 'பாக்ஸ்', 'கம்ப்யூட்டர்'. இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம். எஞ்சினுக்கு ஒரு பாக்ஸ், ஏபிஎஸ் பிரேக்கிற்கு ஒன்று, ஏர்பேக்கிற்கு ஒன்று, விளக்குகளுக்கும் கதவுகளுக்கும் ஒன்று என இன்றைய சாதாரணக் காரிலேயே பல பாக்ஸ்கள் உண்டு.

வெள்ளம் விட்டுச் சென்ற கார்கள்

2021 டிசம்பர் மாத வெள்ளத்தை ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மக்களும் கிள்ளான் மக்களும் மறந்திருக்க முடியாது. டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் வீடுகளோடு கார்களும் மூழ்கின. அந்த வெள்ளத்தால் நாட்டிற்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி என்றும், அதில் வாகனங்களின் இழப்பு மட்டுமே சுமார் 100 கோடி வெள்ளி என்றும் மலேசியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. வெள்ளச் சேதம் சாதாரண முழுக் காப்புறுதிக்குள் வராது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' எனப்படும் கூடுதல் காப்புறுதியைத் தனியாக எடுத்திருந்தால்தான் கிடைக்கும். அது இல்லாதவர்கள் காரைக் காய வைத்து, எண்ணெய் மாற்றி, பாக்ஸைப் பழுது பார்த்து ஓட்டத்தான் வேண்டியிருந்தது.

நீரில் நின்ற காரில் சிக்கல் அன்றே முழுமையாகத் தெரிந்துவிடாது. சேற்று நீர் சாக்கெட்டுகளுக்குள் புகுந்து, செம்புப் பின்களில் பச்சைப் பூஞ்சை போன்ற துருவை மெதுவாக உண்டாக்குகிறது. ஒயரின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், ஈரம் ஏறிச் செல்லும். வெளியே பார்த்தால் ஒயர் புதிதுபோல் இருக்கும். உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். இது மாதங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். பாக்ஸைத் திறந்து சர்க்கியூட் போர்டைச் சுத்தம் செய்வதால் அந்த ஒயர் சரியாகிவிடாது.

வெள்ளமே காணாத காரிலும் இதே நிலை வரலாம். ரேடியேட்டர் பக்கம் கசியும் நீர், கண்ணாடி ரப்பர் ஓரம் இறங்கும் மழை, ஏர்கோன் குழாய் அடைத்துக் கால்மிதிக்குக் கீழே தேங்கும் தண்ணீர், ஒயரைக் கடிக்கும் எலி ஆகியவை எல்லாம் காரணங்களே. வீட்டு வாசலில் கார் நிறுத்தும் தாமான்களில் எலித் தொல்லையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்.

முதலில் பேட்டரி

பாக்ஸ் என்பது கணக்குப் போடும் சிறு கணினி. அதற்குச் சீரான மின்சாரம் வேண்டும். மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும் அது தவறான முடிவெடுக்கும். ஒரே நேரத்தில் பல பாக்ஸ்கள் பிழைக் குறியீடுகளைப் பதிவு செய்யும். ஸ்கேன் கருவியில் ஏழெட்டுக் குறியீடுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வந்தால், ஏழெட்டுப் பாகங்கள் கெட்டுவிட்டன என்று எண்ணத் தேவையில்லை. பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பி0562 என்ற குறியீடு மின்னழுத்தக் குறைவையே சொல்கிறது.

இரவு முழுவதும் நிறுத்திய காரில் முழு சார்ஜ் உள்ள பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2-க்குக் கீழே என்றால் பாதி காலி. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரே அளவை ஏற்றி இறக்கும் என்பதால் அங்கு மட்டும் இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

பட்டறையில் காரை நிறுத்தி அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். மாலை ஆறரை மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஏர்கோன், முகப்பு விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகரும்போதுதான் பலவீனமான ஆல்டர்னேட்டர் திணறும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதன் உற்பத்தி குறைவு, செலவோ அதிகம். ஆகவே அளக்கும்போதும் எஞ்சினை ஐடிலில் விட்டு, எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளக்க வேண்டும்.

எர்த்: அதிகம் ஏமாற்றும் இடம்

பழுது பார்த்த பாக்ஸ் மீண்டும் மீண்டும் கெட்டதுபோல் நடித்தால், அனுபவமுள்ள ஒயர்மேன் முதலில் தேடுவது எர்த்தைத்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து கார் உடலுக்கு ஒரு தடித்த ஒயர் போகிறது. எஞ்சினிலிருந்து உடலுக்கு இன்னொன்று. பாக்ஸ்களுக்கான சிறிய எர்த் ஒயர்கள் உடலில் ஆங்காங்கே ஒரே போல்ட்டில் கொத்தாக முறுக்கப்பட்டிருக்கும். அந்தப் போல்ட்டின் அடியில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி வேறு ஒயர்களுக்குள் நுழையும். பிரேக் மிதித்தால் மீட்டர் முள் ஆடுவதும், சிக்னல் துடிப்போடு டேஷ்போர்டு துடிப்பதும் பெரும்பாலும் இதன் வெளிப்பாடே. காரின் உடலை வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த பிறகு இப்படித் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இதை ஓம் அளவில் சோதிக்கக் கூடாது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இருபது இழைகள் உள்ள ஒயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் 'சரி' என்றே காட்டும். 12 வோல்ட்டும் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு என்பதே காரணம். ஒற்றை இழையில் ஒரு மோட்டாரை ஓட்டச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும்.

சரியான முறை இது. எஞ்சினை ஓட விட்டு விளக்கு, ஏர்கோன், பின் கண்ணாடி ஹீட்டர் அனைத்தையும் போட வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலேயே வைக்க வேண்டும் (பிடிப்பானில் அல்ல, கம்பத்தில்). சிவப்பு முனையைப் பாக்ஸின் எர்த் பின்னில், சாக்கெட் மாட்டியிருக்கும் நிலையிலேயே பின்பக்கமாகத் தொட வேண்டும். அளவு 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் எர்த் பாதையில் எங்கோ தடை. எஞ்சின் உலோகத்தில் வைத்து ஸ்டார்ட் செய்யும்போது சுமார் 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எஞ்சின் எர்த் ஒயர் சரியில்லை. அந்த ஒயரை மாற்றும் செலவு ஒரு பாக்ஸின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

பாக்ஸுக்கு வரும் பாசிட்டிவ் ஒயரையும் பாரம் ஏற்றியே சோதிக்க வேண்டும். பாக்ஸின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, அந்தப் பாசிட்டிவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே பிரேக் விளக்கின் 21 வாட் பல்பை இணைத்தால் போதும். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு பளிச்சென்று எரிந்தால் அந்தப் பாதை சரி. மங்கினால் பியூஸ் பெட்டி, ரிலே, இடையில் உள்ள சாக்கெட் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இந்தப் பல்புச் சோதனை சப்ளை ஒயர்களுக்கு மட்டுமே. சென்சார் ஒயரிலோ சிக்னல் ஒயரிலோ வைத்தால் நல்ல பாக்ஸும் கெடும்.

மஞ்சள் உறை அல்லது மஞ்சள் சாக்கெட் உள்ளவை ஏர்பேக் ஒயர்கள். அவற்றில் பல்போ மீட்டரோ வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடிக்கலாம். ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்கள் உயிரைக் குடிக்கக்கூடியவை. இவ்விரண்டும் வீட்டில் தொடக்கூடிய வேலைகள் அல்ல.

முதல் பாக்ஸைக் கொன்றது எது?

பாக்ஸ் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், ஐடில் வால்வு போன்றவற்றை இயக்குகின்றன. காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அந்த டிரான்சிஸ்டர் எரிகிறது. பழுது பார்ப்பவர் எரிந்ததை மாற்றித் தருகிறார். கார் ஓடுகிறது. ஷார்ட் ஆன காயில் அதே இடத்தில் இருக்கிறது. சில நாள்களில் புதிய டிரான்சிஸ்டரும் எரிகிறது. வாடிக்கையாளர் பாக்ஸ்காரரைத் திட்டுகிறார். அவர் ஒயர்மேனைச் சொல்கிறார். காயிலை யாரும் பார்ப்பதில்லை.

எனவே பாக்ஸைப் பழுது பார்த்தவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உள்ளே எந்தப் பகுதி எரிந்திருந்தது?" காயில் பகுதி என்றால் காயில்களை அளக்க வேண்டும். இன்ஜெக்டர் பகுதி என்றால் இன்ஜெக்டர்களை. சாதாரண பெட்ரோல் கார்களின் இன்ஜெக்டர் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். நான்கில் ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அதுவே குற்றவாளி. "எல்லாம் செக் பண்ணிட்டோம், மாசோக் ஆயேர்" என்று மட்டும் பதில் வந்தால், தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது, அந்த வழி அடைக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

சென்சார்களின் 5 வோல்ட் பாதையும் இப்படித்தான். பாக்ஸ் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பல சென்சார்களுக்குப் பங்கிட்டுத் தருகிறது. ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் எல்லாமே படுத்துவிடும். ஸ்கேன் செய்தால் மூன்று நான்கு சென்சார்கள் கெட்டதாகக் காட்டும். ஒவ்வொரு சென்சாராகச் சாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே வரும்போது, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் கெட்டது.

பழைய கார்களில் பழுதே முழுமையாக இல்லாமலும் இருக்கலாம். 1990-களின் சில மிட்சுபிஷி ஈசியுக்களில் கெபாசிட்டர் கசிவது பெயர்போன கோளாறு. மிட்சுபிஷி லேன்சரை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் வந்த புரோட்டான் விரா போன்ற கார்களை இன்றும் ஓட்டுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கெபாசிட்டரை மட்டும் மாற்றினால் போதாது. கசிந்த திரவம் போர்டின் மெல்லிய செம்புக் கோடுகளை அரித்திருந்தால் கோளாறு தொடரும். குளிர்ந்த காலையில் நன்றாக ஓடி, மதிய வெயிலில் நிறுத்தி எடுத்ததும் தகராறு செய்யும் பாக்ஸில் சோல்டர் விரிசல் இருக்கலாம். பட்டறையில் பாக்ஸை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கிப் பார்த்து இதை உறுதி செய்வார்கள்.

'ஹாஃப் கட்' கடையில் வாங்கிய பாக்ஸ் என்றால் வேறு கணக்கு. வெளித்தோற்றமும் சாக்கெட்டும் ஒன்றாக இருந்தாலும், லேபிளில் உள்ள பார்ட் நம்பரில் கடைசி எழுத்து மாறினாலே உள்ளே மென்பொருள் வேறாக இருக்கலாம். ஆட்டோ கியருக்கும் மெனுவல் கியருக்கும் வேறு வேறு. சாவியோடு பேசும் இம்மொபிலைசர் தகவலைப் புதிய பாக்ஸில் பதிவு செய்யாவிட்டால் எஞ்சின் பிடிக்காது, அல்லது பிடித்த உடனே அணையும். இதைப் பலர் பாக்ஸ் கெட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

பாக்ஸ்கள் ஒன்றோடொன்று பேசாதபோது

யு என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடுகள், பாக்ஸ்களுக்கு இடையிலான தொடர்பு அறுந்ததைச் சொல்கின்றன. யு0100 என்றால் எஞ்சின் பாக்ஸோடு தொடர்பில்லை என்று பொருள். எஞ்சின் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பேச முடியாததற்குச் சப்ளையோ எர்த்தோ ஒயரோ காரணமாக இருக்கலாம்.

இந்தப் பேச்சு நடப்பது 'கேன்' எனப்படும், முறுக்கிய இரண்டு ஒயர்களில். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய முறை இது. இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயர்களும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. எல்லாப் பழைய கார்களிலும் இந்த முறை கிடையாது. சில புதிய கார்களில் ஓபிடி சாக்கெட்டுக்கு முன்னால் தனி கேட்வே பாக்ஸ் இருப்பதால் இந்த அளவு உள்ளிருக்கும் ஒயர்களைக் காட்டாது. ஒயரிங் வரைபடம் வைத்திருக்கும் ஒயர்மேனிடம்தான் அப்போது போக வேண்டும்.

வெளியில் போட்ட கருவிகளை மறந்துவிடக் கூடாது. ஆண்ட்ராய்டு பிளேயர், டேஷ்கேம், அலாரம், ஜிபிஎஸ் எல்லாம் யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஒயரைக் கீறி டேப் சுற்றி இணைத்தவை. கோளாறு தீராத காரில் இவை அனைத்தையும் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. நிறுத்திய காரில் பேட்டரி இறங்குவதற்கும் இவை காரணமாகலாம். காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, எல்லாப் பாக்ஸ்களும் உறங்கிய பின், 50 மில்லி ஆம்பியருக்குள்தான் மின்சாரம் கசிய வேண்டும். 500 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. சிறிய கார்களின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாள் தாங்காது.

பட்டறைக்குப் போகும் முன்

கோளாறு எப்போது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது ஒயர்மேனின் அரை நாள் வேலையைக் குறைக்கும்: மழைக்குப் பிறகா, வேகத்தடையில் ஏறும்போதா, ஏர்கோன் போட்டாலா, சூடேறியதுமா. விளக்கு எரியும்போது காணொளி எடுத்து வைக்கலாம். ஸ்கேன் செய்தால், அழிப்பதற்கு முன் குறியீடுகளைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அழித்துவிட்டு, எது முதலில் திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் வருவதுதான் பெரும்பாலும் வேர். மற்றவை அதன் நிழல்கள்.

முன்பு இல்லாத புதிய கோளாறு பாக்ஸ் வேலைக்குப் பிறகே தொடங்கியது என்றால், அந்த வேலையையே மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். முழுதாக அழுந்தாத சாக்கெட், வளைந்த பின், பாக்ஸைப் பிடிக்கும் போல்ட்டைப் போடாமல் விட்டது போன்றவை சாதாரணமாக நடப்பவை. சில பாக்ஸ்களுக்கு அந்தப் போல்ட்டே எர்த்.

பாக்ஸைக் கொடுக்கும்போது லேபிளையும் சீரியல் நம்பரையும் படம் எடுத்து வைப்பது நல்லது. திரும்பி வருவது அதே பாக்ஸா என்று தெரியும். எதை மாற்றினார்கள், எத்தனை நாள் உத்தரவாதம் என்பது ரசீதில் எழுத்தில் இருக்க வேண்டும். 'பாக்ஸ் ரிப்பேர்' என்ற இரண்டு சொல் மட்டும் உள்ள ரசீதை வைத்துக்கொண்டு பிறகு யாரிடமும் பேச முடியாது.

பேசிப் பார்த்தும் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை நடுவர் மன்றம் விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக் காருக்கே இது உதவும். நிறுவன லாரிக்கு அல்ல. ரசீது, குறியீடுகளின் படங்கள், வேறொரு பட்டறை எழுதிக் கொடுத்த சோதனை முடிவு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் விசாரணையில் நடந்ததை விளக்குவது எளிது. உள்நாட்டு வாணிபம் மற்றும் வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகங்களில் மனு பாரத்தைப் பெறலாம்.